கத்தரிக்காய்க்கு நாலு கடை... ஆபரேஷனுக்கு?



நான் காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் வசிக்கும் குடும்பத் தலைவி. வயது 36. பத்தாவது வரை படித்திருக்கிறேன். கணவர் பட்டுத் தறி நெய்கிறார். மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஏழாம் வகுப்பு. கூடவே மாமியார். இந்த இணைப்பு வந்த அன்று அடுப்பு வேலையை முடித்ததும் நான் முதலில் பிரிப்பது வாசகியர் கடிதங்கள் பக்கத்தைத்தான். இதுவரை எழுதியதில்லை. எனக்கு நடந்த ஒரு விஷயம் இப்போது எழுத வைத்துவிட்டது. வெளியில் சொல்லக் கூச்சமான விஷயம்தான். ஆனால் கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டே நாம் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறோமே என்று நினைத்து எழுதுகிறேன்.

எனக்கு ஒரு வருஷமாகவே மாத விலக்கு சரியில்லை. ஐந்து நாளில் நிற்க வேண்டியது பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று போனது. 'வயசானா இப்படித்தான்' என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடாமல் இருந்தேன். எங்கள் வீட்டில் தறி வேலை என்றால் அவர் மட்டும் செய்வதில்லை. தார் சுற்றுவது, இழை அறுந்தால் முடிச்சுப் போடுவது, கோர்வைச் சேலை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளுவது எல்லாம் என் வேலை. போன வருஷம் தை மாதம் ஒரு நாள், நாடா தள்ளிக்கொண்டிருந்தவள் அப்படியே தறி மேல் சாய்ந்துவிட்டேன். கண் இருட்டிவிட்டது. நல்லவேளை, பாவு அறுபடவில்லை. (அந்த மயக்கத்திலும் எனக்கு முதலில் வந்த கவலை அதுதான்!)

அவர் பயந்துபோய், அன்று சாயங்காலமே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். பெயர் வேண்டாம். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "கர்ப்பப்பையில கட்டி இருக்கும்மா. எடுத்துடலாம். ரெண்டு குழந்தை பெத்தாச்சு, இனிமே அது எதுக்கு? விட்டா நாளைக்கு கேன்சர்ல கொண்டுபோய் விட்டுடும்" என்றார். மொத்தம் 75,000 ரூபாய் ஆகும், ஒரு வாரத்துக்குள் 20,000 கட்டிவிட்டு வந்து படுத்துக்கொள்ளுங்கள் என்று வெளியே இருந்த பெண் சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டோம்.

அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. 75,000 ரூபாய்க்கு எங்கே போவது? என் கணவர் முன்பு ஒரு முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கி, அவர் கொடுக்கும் கூலிக்கே வருஷக்கணக்கில் நெய்துகொண்டிருந்தவர். நெசவுத் தொழில் தெரிந்தவர்களுக்கு இந்த அட்வான்ஸ் என்றால் என்னவென்று தெரியும். கடன் தீரும்வரை தறி நம்முடையது இல்லை. வேறு இடத்துக்கு நெய்யவும் முடியாது. சிறுகச் சிறுகக் கட்டி முடித்து, மூன்று வருஷமாகத்தான் சொசைட்டிக்கு நெய்துகொண்டு நிம்மதியாக இருக்கிறோம். "நாளைக்கு முதலாளியைப் பார்த்துட்டு வரேன். உன்னை விடவா அது பெருசு?" என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. என் உடம்பால் மறுபடியும் அந்தக் குழியிலே விழப் போகிறாரே என்றுதான்.

மறுநாள் என் அண்ணன் மகள் வந்தாள். சென்னையில் கல்லூரியில் படிக்கிறாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் கேட்ட கேள்வியை என்னால் மறக்கவே முடியாது.

"அத்தை, ராஜாஜி மார்க்கெட்ல கத்தரிக்காய் வாங்க நாலு கடை ஏறி இறங்குவீங்க. எவர்சில்வர் டம்ளரைத் தட்டிப் பார்த்து வாங்குவீங்க. இதுக்கு மட்டும் முதல் கடையிலேயே தலையாட்டிட்டு வந்திருக்கீங்களே?"

"அதுவும் இதுவும் ஒண்ணாடி? டாக்டர்கிட்ட போய் விலை கேட்கறதா?" என்றேன்.

"ஏன் கேட்கக் கூடாது? உங்க காசு, உங்க உடம்பு" என்று சொல்லிவிட்டு, செல்போனை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் இணையதளத்தைத் திறந்தாள். எங்கள் குடும்ப அட்டை எண்ணைப் போட்டுப் பார்த்தாள். எங்கள் பெயர் இருந்தது! எப்போதோ வரிசையில் நின்று போட்டோ எடுத்துக் கொடுத்த அட்டை, பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அது எதற்கு என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

தெரியாத சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று தொடங்கியது, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று மாறியது. 2018ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, கையில் காசு கொடுக்காமல் சிகிச்சை பெறலாம். வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொள்ளலாம்.

அந்த இணையதளத்தில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் திட்டத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிகளின் பட்டியல் வருகிறது. எந்த ஆஸ்பத்திரி எந்தப் பிரிவுக்குச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்றும் பார்க்க முடிகிறது. இது முக்கியம். கண்ணுக்கு மட்டும் திட்டத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியில் போய் கர்ப்பப்பைக்கு அட்டையை நீட்டினால் செல்லாது! ஆயுஷ்மான் பாரத்துக்கும் இதே மாதிரி ஆஸ்பத்திரி தேடும் இணையப் பக்கம் இருக்கிறது. அதில் வெளி மாநில ஆஸ்பத்திரிகளையும் பார்க்கலாம். ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று அரசு ஒரு தொகை நிர்ணயித்திருக்கிறது என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் திட்டத்துக்கு வெளியே, காசு கட்டிப் போனால் தனியாரில் எவ்வளவு என்பதை எந்தப் பட்டியலும் சரியாகச் சொல்லவில்லை. "அப்ப நாமளே பட்டியல் போடுவோம்" என்றாள் அண்ணன் மகள். மகனின் பழைய கணக்கு நோட்டில் கட்டம் போட்டோம். மூன்று ஆஸ்பத்திரிக்கு போன் செய்தோம். இரண்டு இடத்தில், "நேர்ல வாங்க, போன்ல சொல்ல மாட்டோம்" என்று வைத்துவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் இருந்த பெண் பொறுமையாகப் பேசினாள். அவள்தான் திருப்பிக் கேட்டாள்.

"எந்த ஆபரேஷன் மேடம்? வயித்தைக் கிழிச்சா, லேப்ராஸ்கோப்பியா, கீழ்வழியாவா? கர்ப்பப்பை மட்டுமா, ஓவரியும் சேர்த்தா? அதைப் பொறுத்து 60,000லேர்ந்து 90,000 வரை ஆகும்."

நான் வாயடைத்துப் போனேன். என் உடம்பில் எதை எடுக்கப் போகிறார்கள் என்று எனக்கே தெரியாது! ஆஸ்பத்திரிச் சீட்டைப் புரட்டிப் பார்த்தோம். அதிலும் இல்லை. கட்டி எவ்வளவு பெரியது என்றுகூட நாங்கள் கேட்கவில்லை.

அப்போது திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமியார் மெதுவாகச் சொன்னார். "எனக்கும் முப்பத்தஞ்சுல எடுத்தாங்க."

"பாட்டி, உங்களுக்கு முட்டைப்பையையும் சேர்த்து எடுத்தாங்களா?" என்று அண்ணன் மகள் கேட்டாள்.

"யாருக்குடி தெரியும்? மயக்க மருந்து கொடுத்தாங்க, படுத்தேன். எழுந்ததும் எடுத்தாச்சுன்னாங்க. அப்பல்லாம் கேட்கவா முடியும்? அதுக்கப்புறம் ஒரு வருஷத்துலேயே உடம்பெல்லாம் தீயா எரியும். இடுப்பு வலி இன்னைக்கும் விடலை" என்றார். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து பதினேழு வருஷம். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதைத் தினம் பார்க்கிறேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

சினைப்பையையும் சேர்த்துச் சின்ன வயதிலேயே எடுத்துவிட்டால், உடனே மாதவிடாய் நின்றுபோகும் காலத்து உபத்திரவங்கள் எல்லாம் வந்துவிடும், எலும்பு பலவீனமாகும் என்று பிறகு டாக்டரம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். சினைப்பையை விட்டுவைத்தாலும் சிலருக்கு அது சீக்கிரமே ஓய்ந்துவிடுமாம்.

"முதலாளிகிட்ட இப்ப போகாதீங்க. ஒரு நாள் பொறுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, மறுநாள் காலை ஏழரை மணிக்கே காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனை வரிசையில் நின்றேன். உண்மையைச் சொல்ல வேண்டும். டாக்டரைப் பார்க்கும்போது மணி பன்னிரண்டு. கால் கடுத்துவிட்டது. ஆனால் அந்த டாக்டரம்மா என்னிடம் கேட்ட கேள்விகளை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. எத்தனை நாள், எத்தனை துணி மாற்றுவீர்கள், முடி கொட்டுகிறதா, உடம்பு ஊதுகிறதா என்று கேட்டார். ரத்தப் பரிசோதனையில் எனக்கு ரத்த அளவு 7.4 தான் இருந்தது. தைராய்டு குறைவு என்றும் தெரிந்தது. அதனாலும் போக்கு அதிகமாகுமாம். கட்டி மூன்று சென்டிமீட்டர்.

"இந்த மாதிரிக் கட்டி கேன்சரா மாறறது ரொம்ப ரொம்ப அபூர்வம்மா. ஆனாலும் வேற ஒண்ணும் இல்லைன்னு உறுதி பண்ணிக்க ரெண்டு பரிசோதனை எடுத்துடறேன். உங்களுக்கு 36 வயசுதான். முதல்ல ரத்தத்தை ஏத்துவோம், போக்கைக் குறைக்க மாத்திரை தரேன், தைராய்டுக்குத் தரேன். மூணு மாசம் பார்ப்போம். அப்பவும் கேட்கலைன்னா கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற ஹார்மோன் சாதனம் இருக்கு. கட்டியை மட்டும் எடுக்கற ஆபரேஷனும் இருக்கு. கர்ப்பப்பையை எடுக்கறது கடைசியாத்தான். அப்படி வேணும்னாலும் காப்பீட்டுல பண்ணிக்கலாம்" என்றார்.

பரிசோதனை முடிவு நல்லபடியாக வந்தது. இரும்புச்சத்து ஊசியை டிரிப்பில் ஏற்றினார்கள். மூன்று மாதத்தில் ரத்தம் 10.9க்கு வந்தது. போக்கு ஐந்து, ஆறு நாளில் நிற்கிறது. கட்டி அப்படியேதான் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டச் சொல்லியிருக்கிறார்கள். நாளைக்கு ஆபரேஷன் வேண்டும் என்று சொன்னால் செய்துகொள்வேன். ஆனால் எது, ஏன் என்று கேட்டுக்கொண்டு செய்வேன். எங்களுக்கு அதுவரை ஆன செலவு பஸ் டிக்கெட்டும் டீக்காசும்தான். என் கணவர் முதலாளி வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

எனக்கு நடந்தது எனக்கு மட்டும் நடந்தது இல்லை. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் நடக்கும் கர்ப்பப்பை நீக்கும் ஆபரேஷன்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தனியாரில்தான் நடக்கிறது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டு, அது உச்ச நீதிமன்றம் வரை போனது. தேவையற்ற ஆபரேஷனைத் தடுக்க மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் பின்பற்ற வேண்டும் என்று 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. 40 வயதுக்குள் இருப்பவர்களுக்குக் கர்ப்பப்பையை எடுத்தால் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும் என்று அந்த நெறிமுறையில் இருக்கிறது. எனக்கு 36!

விலையைக் கேட்பது தப்பில்லை என்பதற்கும் ஒரு உதாரணம். இருதயத்தில் வைக்கும் மருந்து தடவிய ஸ்டென்ட் லட்சத்தைத் தாண்டி விற்றுக்கொண்டிருந்தது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு அதற்கு 29,600 ரூபாய் என்று உச்ச விலை வைத்தது. அதே வருஷம் ஆகஸ்டில் செயற்கை மூட்டுக்கும் உச்ச விலை வந்தது. அமெரிக்காவில் 2021 ஜனவரி 1 முதல் ஆஸ்பத்திரிகள் தங்கள் கட்டணங்களை இணையத்தில் வெளியிட வேண்டும் என்று விதியே இருக்கிறதாம். குறைந்தது 300 சிகிச்சைகளுக்காவது சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி போட வேண்டுமாம். அங்கே வீட்டில் உட்கார்ந்தே ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இங்கே நாம் வாயைத் திறந்து கேட்டால்தான் உண்டு.

மருந்துக்கும் இப்படி வழி இருக்கிறது. 'பார்மா சஹி தாம்' என்று மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் ஒரு செயலி வைத்திருக்கிறது. மருந்தின் பெயரைப் போட்டால் அதன் விலையும், அதே மருந்தை வேறு கம்பெனிகள் என்ன விலைக்கு விற்கின்றன என்பதும் வரும். 'ஜன் அவுஷதி சுகம்' என்ற செயலியில் பக்கத்து மக்கள் மருந்தகம் எங்கே என்று பார்க்கலாம். 2025 பிப்ரவரி முதல் முதல்வர் மருந்தகங்களும் வந்திருக்கின்றன. மாமியாரின் சர்க்கரை மாத்திரையை இப்படித்தான் மாற்றினோம். ஆனால் டாக்டரிடம் சீட்டைக் காட்டி, அதே மருந்து, அதே மில்லிகிராம் தானா என்று கேட்ட பிறகுதான். நீங்களாக மாற்றாதீர்கள்.

இப்போது எங்கள் தெருவில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் என் கணக்கு நோட்டைக் கேட்டு வருகிறார்கள். அதில் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்:

1. என்ன நோய்? அதன் பெயரைச் சீட்டில் எழுதித் தாருங்கள்.

2. ஆபரேஷன் அவசரமா, ஒரு மாதம் பொறுக்கலாமா? மருந்தில் குணமாக வழி உண்டா?

3. எந்த முறையில் செய்வீர்கள்? எதை எடுப்பீர்கள், எதை விட்டுவைப்பீர்கள்?

4. சொல்லும் தொகையில் டாக்டர் கட்டணம், மயக்க மருந்து டாக்டர் கட்டணம், ரூம் வாடகை, மருந்து, ரத்தம், எடுத்த கட்டியைப் பரிசோதிக்கும் செலவு எல்லாம் அடக்கமா?

5. எத்தனை நாள் தங்க வேண்டும்? கூடுதல் நாளானால் எவ்வளவு?

6. காப்பீட்டு அட்டை இந்தச் சிகிச்சைக்கு இங்கே செல்லுமா?

காப்பீட்டுத் திட்டத்தில் சந்தேகம் இருந்தாலோ, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரி காசு கேட்டாலோ 1800 425 3993 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம். ஆயுஷ்மானுக்கு 14555. உடம்பு சம்பந்தமான பொதுவான ஆலோசனைக்கு 104.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 'அந்த அம்மா ஆபரேஷன் வேண்டாம்னு எழுதியிருக்காங்க' என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு மாதவிடாய் நின்று நாலு வருஷம் கழித்துத் திரும்ப ரத்தம் பட்டது. வெட்கப்பட்டு மறைத்துவிட்டார். கடைசியில் காரப்பேட்டை புற்றுநோய் மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்ததால்தான் பிழைத்தார். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று சொல்லியிருக்கிறார்கள். நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். அதேபோல நெஞ்சு வலி, விபத்து, பிரசவ வலி இதற்கெல்லாம் நோட்டை எடுத்துக்கொண்டு உட்காராமல் 108க்குப் போன் செய்யுங்கள். விலை பார்ப்பதெல்லாம் நேரம் இருக்கும் நோய்க்குத்தான்.

போன மாதம் என்னுடைய மறுபரிசோதனைக்குப் போனபோது மாமியாரையும் அழைத்துப் போனேன். "எனக்கு என்னத்துக்கு, கட்டை வேகப் போற வயசுல" என்று முரண்டு பிடித்தார். விடவில்லை. இடுப்பு எலும்பு தேய்ந்திருக்கிறது என்று சொல்லி கால்சியம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு எனக்கும் யாராவது ஒருத்தர் கூட வந்து கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

சகோதரிகளே, அடுத்த முறை உங்கள் அம்மாவோ, நாத்தனாரோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ டாக்டர் சீட்டோடு கலங்கி நின்றால், ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு கூடப் போங்கள். பீரோவில் இருக்கும் காப்பீட்டு அட்டையை இன்றைக்கே எடுத்து, பெயரெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
முசரவாக்கம், காஞ்சிபுரம்.